ஒரு முக்கோணமும் ஒரு சதுரமும்

படம் வரையத் தெரிந்தவன், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அதை வெளியே சொல்லக் கூடாது. பாடத் தெரிந்தவன் சொல்லலாம். தொண்டை கட்டியிருக்கிறது என்று தப்பித்துக்கொள்ள அவனுக்கு ஒரு வழி உண்டு. சமைக்கத் தெரிந்தவன் சொல்லலாம். நாலு பேர் சாப்பிட்டுவிட்டு வாழ்த்துவார்கள். படம் வரைகிறவனுக்கு இந்த இரண்டு அதிர்ஷ்டமும் கிடையாது. நான் சொன்னேன். சேர்ந்த முதல் நாளே சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

ஆறு வருஷத்துக்கு முந்திய கதை. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பரமக்குடியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டிராயிங்கில் ஹையர் கிரேடும் தேறி (இதை இப்போதும் யாரும் கேட்காமலே சொல்கிறேன், கவனியுங்கள்), சாயல்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டியிருந்த ஓர் உப்புக் கம்பெனியில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். தற்காலிகம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மானேஜர் என்னை நிமிர்ந்து பார்த்து, 'இவன் இன்னும் இருக்கிறானா?' என்று யோசிப்பார். யோசித்துவிட்டு இன்னொரு மூன்று மாதம் தருவார்.

நிரந்தரமானவர்களுக்குக் கம்பெனி ஓட்டு வீடு ஒன்று கொடுக்கும். இரண்டே அறைதான். ஆனால் அந்த இரண்டு அறைக்காகத்தான் நான் உயிரை வைத்துக்கொண்டிருந்தேன். அய்யா காலமான பிறகு அம்மா பரமக்குடியில் என் மாமா வீட்டில் ஒண்டியிருந்தாள். மாமா நல்லவர். அத்தையும் நல்லவள்தான், ஆனால் அம்மா ஒரு செம்புத் தண்ணீர் மொண்டால்கூட, 'மெதுவா மதினி, கிணறு எங்க ஓடிரப் போவுது?' என்பாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "ஆர்டர் வந்துருச்சாய்யா?"

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் மானேஜர் குருசாமி சார் என்னைக் கூப்பிட்டார்.

"நீதான படம் போடுறவன்?"

"ஆமா சார். ஹையர் கிரேடு…"

"தெரியும், தெரியும். கம்பெனிக்குப் பத்து வருசமாகுது. மதுரையிலேர்ந்து மொதலாளி வாராரு. நம்ம ஆளுகளுக்கு மட்டும் ஒரு விழா. அளத்துல வேலை பாக்குறவுக, லாரி டிரைவருக, ஆபீஸு, அம்புட்டுத்தான். வெளியாளு ஒரு குஞ்சு இருக்கக் கூடாது. அலங்காரம் உன் பொறுப்பு. நல்லா முடிச்சுக் குடுத்தீன்னா மொதலாளி கையாலயே உனக்கு நிரந்தர ஆர்டர் வாங்கித் தாரேன்."

அவர் அலங்காரம் என்று சொன்னது இரண்டு வாழை மரம், ஒரு தோரணம், 'நல்வரவு' என்று ஒரு துணி. அதைச் செய்துவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பரமக்குடி வாசகசாலையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டியிருந்தேன். அங்கே ஏதோ ஒரு பெரிய கண்காட்சி. அழைப்பிதழ், கொடி, வாசல், வேலைக்காரர் சட்டை, தேநீர்க் கோப்பை வரைக்கும் ஒரே சின்னம். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வாழை மரத்தைக் கண்டாலே இளக்காரம்.

"சார், ஒரு விழான்னா அதுக்கு ஒரு முகம் வேணும்" என்றேன்.

"அதான் மொதலாளி முகம் இருக்கே?"

"அது இல்ல சார். சின்னம். அதைப் பார்த்ததும் இது நம்ம கம்பெனி விழான்னு எவ்வளவு தூரத்துல இருக்கிறவனுக்கும் தெரியணும்."

(எவ்வளவு தூரத்தில் இருக்கிறவனுக்கும். இதை நான் என் வாயால் சொன்னேன்.)

சின்னத்தைத் தேர்ந்தெடுக்க மானேஜர் ஒரு கமிட்டி போட்டார். கமிட்டி என்பது அவர், ஆபீசில் அந்த நேரத்தில் சும்மா இருந்தவர்கள், அப்புறம் தொழிலாளர் சார்பில் இருளாயி அக்கா. இருளாயி அக்கா உப்பு வாரும் பெண்களில் மூத்தவள்; வாயில் ஒரு கட்டு வெற்றிலையும் நாக்கில் ஒரு கத்தியும் எப்போதும் இருக்கும்.

முதலில், கூடை சுமக்கும் ஒரு பெண்ணை வரைந்தேன். நான் வரைந்ததிலேயே நல்ல படம் அது.

"யாரு இது?" என்றாள் இருளாயி அக்கா.

"யாரும் இல்லக்கா. பொதுவா ஒரு பொம்பள."

"பொதுவா எப்பிடித் தம்பி ஒரு பொம்பள இருப்பா? மூக்கப் பாத்தா காளியம்மா மூக்கு. அவளப் போட்டா நான் விழாவுக்கு வரமாட்டேன். எங்க வரிசையில பதினெட்டுப் பேரும் வரமாட்டாக."

மூக்கை அழித்தேன். "மூக்கறுந்த மூளியவா வாசல்ல வைக்கப் போறீக?" என்றாள்.

காளை மாடு வரைந்தேன். அது ஒரு கட்சியின் தேர்தல் சின்னம் என்றார்கள். சூரியன் வரைந்தேன். அது இன்னொரு கட்சியாம். விளக்கு, நட்சத்திரம், சைக்கிள், எதைத் தொட்டாலும் யாராவது ஒருவர் எழுந்து, 'எங்க ஊர்ல போன எலெக்சன்ல ஒருத்தன் இதுல நின்னான்' என்றார். வானத்தில் இருப்பது, வீட்டில் இருப்பது, தெருவில் ஓடுவது எல்லாவற்றையும் கட்சிக்காரர்கள் எனக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பனை மரம் வரைந்தேன். பனை என்றால் கள் ஞாபகம் வரும், முதலாளி மதுவிலக்குக்காரர் என்றார் மானேஜர். மீன் வரைந்தேன். இது உப்புக் கம்பெனியா கருவாட்டுக் கம்பெனியா என்றார். பாய் விரித்த தோணி வரைந்தேன். மானேஜர் படத்தைக் கவிழ்த்து வைத்தார். முதலாளியின் தோணி ஒன்று போன வருஷம்தான் எங்கள் துறைக்கு எதிரிலேயே மூழ்கியதாம். பாய்மரம் ஒன்றைத்தான் மீட்க முடிந்ததாம்.

பதினோரு படம். பதினோரு படத்தையும் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, எனக்கு வந்த ஆத்திரத்தில் கமிட்டியையே ஒரு பாத்தியில் தள்ளி உப்பாக விளைவித்திருப்பேன். யார் மனமும் புண்படாத ஒன்று, எந்தக் கட்சியும் நிற்காத ஒன்று, மூக்கு இல்லாவிட்டாலும் குறையாகத் தெரியாத ஒன்று என்ன இருக்கிறது உலகத்தில்?

கண்ணை உயர்த்தினால் எதிரே உப்பு அம்பாரம். வெள்ளைவெளேரென்று, கூராக, ஒரு முக்கோணம். அதற்குக் கீழே பாத்தி. சதுரம். ஒரு சதுரம், அதன் மேல் ஒரு முக்கோணம். நடுவே கொஞ்சம் இடைவெளி.

கமிட்டி அரைமணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஆட்சேபிக்க அதில் ஒன்றுமே இல்லை. "ஒண்ணுமே தெரியலையேப்பா" என்றார் மானேஜர், ஏமாற்றத்தோடு.

"அதான் சார் புதுமை" என்றேன்.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. அழைப்பிதழில் முக்கோணமும் சதுரமும். வாசல் வளைவில் முக்கோணமும் சதுரமும். நெஞ்சில் குத்திக்கொள்ள நூற்றைம்பது அட்டை வட்டம், ஒவ்வொன்றிலும் என் கையால் முக்கோணமும் சதுரமும். தண்ணீர்ப் பானையில், பந்தல் துணியில், மேடை நாற்காலியின் முதுகில்.

"கறிக்குழம்பு வாளியிலயுமா?" என்றார் மானேஜர்.

"வாளியிலதான் சார் முக்கியம். எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க."

இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் முதலாளியின் கார் கடற்கரைச் சாலையில் இரண்டு மைல் தள்ளி வரும்போதே நம் சின்னம் அவர் கண்ணில் படவேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. துறையில் அந்தத் தோணியின் பாய்மரம் சும்மா கிடந்தது. நட்டு நிறுத்தினால் பனை உயரத்துக்கு மேல் நிற்கும். அதன் உச்சியில் சின்னத்தைக் கட்டித் தொங்கவிட்டால்?

பலகையில் வெட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். காற்றில் திரும்பித் திரும்பி, பக்கவாட்டில் வெறும் கோடாகத் தெரிந்தது. இங்கேதான் ஹையர் கிரேடு கைகொடுத்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முக்கோணம் முக்கோணமாகவே தெரிய வேண்டுமானால் அது கூம்பாக இருக்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சதுரம் சதுரமாகவே தெரிய வேண்டுமானால் அது உருளையாக இருக்க வேண்டும். இதை நானே, யாரும் சொல்லித்தராமல், ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்தேன். (துறைமுகக்காரர்கள் இதே காரணத்துக்காக இதே முடிவுக்கு எனக்கு வெகுகாலம் முன்பே வந்திருந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் பரமக்குடிக்காரன். எனக்குத் தெரிந்த பெரிய நீர்ப்பரப்பு வைகை. அதிலும் பாதி நாள் மணல்தான்.)

சாயல்குடியில் கூடை முடைகிறவரிடம் சொல்லி மூங்கிலில் ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டும் செய்து, சாக்குத் துணி சுற்றினேன். முதலில் வெள்ளை அடித்தேன். வெயிலில் வானமும் வெள்ளை, உப்பும் வெள்ளை, சின்னமும் வெள்ளை, கண்ணுக்கே தெரியவில்லை. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் ஒரு பீப்பாய் தார் இருந்தது. இரண்டையும் தார் பூசிக் கன்னங்கரேலென்று ஆக்கினேன். பிரமாதமாக இருந்தது.

விழாவன்று விடிந்ததும் விடியாததுமாக ஏற்றினோம். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. பனை உயரத்துக்கு மேல் கருப்பாக ஒரு கூம்பு, அதன் கீழே கருப்பாக ஓர் உருளை. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றேன்.

இருளாயி அக்கா விழாச் சேலையில் வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"தம்பி, அதப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குது."

"அதுதான்க்கா கலை. மனசைத் தொடணும்."

"மனச இல்ல தம்பி, வயித்த. இத எங்கனயோ பாத்திருக்கேன். ராமேசுரம் போறப்ப ரயில்லேர்ந்து பாத்த மாதிரி…"

"பார்த்திருக்க முடியாதுக்கா. இது நேத்துத்தான் உலகத்துக்கு வந்துச்சு."

அவள் என்னை ஒரு தரம், மரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, கறி வெந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

எட்டரை மணி இருக்கும். பக்கத்து மீனவர் குப்பத்துக் கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஒரு மைல் தள்ளி இருக்கும் கத்தோலிக்கக் குப்பம் அது. அன்று ஞாயிறும் இல்லை, பூசையும் இல்லை. மணியோ நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. 'அட, சாமியாரே நம்ம விழாவுக்கு வாழ்த்துச் சொல்கிறாரே!' என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

கொஞ்ச நேரத்தில் கரையோரமாகக் கூட்டம் வந்தது. பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, கையில் சட்டி. ஓட்டமும் நடையுமாக என் வளைவுக்குள்ளேயே நுழைந்தார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வெளியாள் ஒரு குஞ்சு இருக்கக் கூடாது என்று மானேஜர் சொன்னாரா இல்லையா? இங்கே நிஜமாகவே ஓர் அம்மாள் கக்கத்தில் கோழியோடு வருகிறாள்!

நான் குறுக்கே கை நீட்டி நின்றேன். "அம்மா, அம்மா! இது கம்பெனி ஆளுகளுக்கு மட்டும். அதுவும் பத்து மணிக்குத்தான் ஆரம்பம்."

"பத்து மணிக்கா?" கோழிக்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்டா எடுபட்ட பயலே, உனக்காகப் பொயலு பத்து மணி வரைக்கும் வாசல்ல நிக்குமாடா?"

"புயலா?"

"பொயல் கூண்டு ஏத்தியிருக்காகல்ல! கண்ணு அவிஞ்சா போச்சு? ஒங்க கிட்டங்கி ஒண்ணுதான் இங்கன கல்லுக் கட்டடம். தள்ளுடா!"

புயல் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். அந்த அம்மாளைத் தள்ளவில்லை. அவளை முந்திக்கொண்டு ஓடினேன். கோழியையும் முந்தினேன். கிட்டங்கிக்குள் முதல் ஆளாகப் புகுந்து, உப்பு மூட்டை அடுக்கின் மேல் ஏறி, உச்சியில் உட்கார்ந்து, 'கடவுளே, அம்மாவுக்கு யாரும் இல்லையே' என்று கண்ணை மூடிக்கொண்டேன். அங்கிருந்து நான் கத்திய வாசகம் இன்னும் ஊரில் பலருக்கு ஞாபகம் இருக்கிறது: "எல்லாரும் ஓடியாங்க! கூண்டு ஏத்திட்டாங்களாம்!"

ஏற்றியவன் நான்.

வெளியே எங்கள் ஆட்கள் ஓடவில்லை. உப்பளத்துக்காரர்களுக்குப் புயல் என்றால் முதல் நினைப்பு அம்பாரம்தான். மழை அடித்தால் ஆறு மாத உழைப்பு கரைந்து கடலுக்கே திரும்பிவிடும். இருளாயி அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்துவது உள்ளே கேட்டது: "ஏலே, ஓலையக் கொண்டாங்கலே! பந்தல்ல இருக்கே, அதப் பிரிங்க! கயிறு எங்க? அந்த வளைவ அறுங்க!"

மூட்டை மேலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருபது நாள் உழைத்துக் கட்டிய என் பந்தலை இருபது நிமிஷத்தில் உரித்தார்கள். ஓலை அம்பாரத்தின் மேல் ஏறியது. வளைவுத் துணி ஏறியது. மேடை விரிப்பு ஏறியது. முக்கோணமும் சதுரமும் போட்ட பானைகளைக் கவிழ்த்து, துணி பறக்காமல் பாரம் வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்து நின்றது. அவர் இறங்கினார். பந்தல் இல்லை, மேளம் இல்லை, மாலை இல்லை. நூற்றைம்பது பேரும் உயிரைக் கொடுத்து அவருடைய உப்பை மூடிக்கொண்டிருந்தார்கள். விழாவுக்குக் கட்டிய புதுச் சேலையும் வேட்டியும் முழங்கால் வரை சேறு. மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரும் சொல்லாமலே செய்யிறாங்களா?" என்றார். "குருசாமி, இதுக்கு மேல எனக்கு என்னய்யா விழா வேணும்? சரியான நேரத்துல கூண்டு ஏத்தினது யாரு?"

மானேஜருக்கு அப்போதுதான் அண்ணாந்து பார்க்கத் தோன்றியது. பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தக் கூம்பும் உருளையும் யாருடையவை என்று அவருக்குத் தெரியாதா? அவர் முகத்தில் ரத்தம் இறங்கியதை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். அந்தக் கணம்தான் எனக்கும் விளங்கியது. மூட்டை மேல் உட்கார்ந்தபடியே விளங்கியது. கீழே கோழிக்கார அம்மாள், "மாதாவே, எம்புருசனக் கரை சேத்துரு" என்று அழுதுகொண்டிருந்தாள்.

"கீழ எறங்கு" என்று மானேஜர் வாசலில் நின்று கூப்பிட்டார். இறங்கினேன். என் தோளில் கை வைத்து முதலாளி முன்னால் தள்ளினார். "இவன்தாங்க ஏத்துனான்." பொய் இல்லை. ஒரு வார்த்தை பொய் இல்லை.

முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி நிரந்தரமா?"

"இல்லீங்க" என்றார் மானேஜர். சட்டைப் பையிலிருந்து ஆர்டரை எடுத்துப் பேனாவையும் நீட்டினார். என் தோளை ஒரு அழுத்து அழுத்தினார். பேசாமல் இரு என்று அர்த்தம். முதலாளி காகிதத்தை மானேஜரின் முதுகில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

கரையிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தார். நனைந்த வேட்டி, தொடை வரை மணல். சந்தியாகு அண்ணன், குப்பத்துத் தலைவர். மூச்சு வாங்க என் எதிரே வந்து நின்றார்.

"தம்பி, நீதான் ஏத்துனியா? நல்லா இருப்ப. எல்லா வள்ளமும் கரை ஏறிருச்சு. சாளை மீனு மொய்ச்சுக் கெடந்த நேரம். இழுக்க நேரமில்லன்னு ஏழு பேரு வலைய அறுத்து விட்டுட்டு வந்திருக்கோம். போகட்டும், உசுரு பெருசு. தந்தியில என்ன நம்பரு போட்டிருக்கு? பாம்பன்ல நான் அப்பிடி ஒரு கூண்டு பாத்ததே இல்ல. பாக்காத நம்பருன்னா ரொம்பப் பெரிய நம்பராத்தான் இருக்கணும்னு ஓடியாந்தோம். எத்தன நாளைக்குக் கடலுக்குப் போகக் கூடாது? சொல்லு."

பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது. மானேஜரின் விரல்கள் என் தோள் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தன. 'ரெண்டு நாள்' என்று சொன்னால் போதும். புயல் திசை மாறிப் போய்விட்டது என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அம்மா இரண்டு அறை வீட்டில் தன் இஷ்டத்துக்குத் தண்ணீர் மொள்வாள். ஆனால் சாளை இரண்டு நாள் நிற்காது. எதிரே நிற்பவரின் உள்ளங்கையில் கயிறு அறுத்த ரத்தம் இன்னும் காயவில்லை.

"அண்ணே" என்றேன். "அது கூண்டு இல்லண்ணே."

"பின்ன?"

"சின்னம்."

"என்ன சின்னம்?"

"விழாச் சின்னம். மேல இருக்கிறது உப்பு அம்பாரம். கீழ இருக்கிறது… பாத்தி."

சந்தியாகு அண்ணன் அண்ணாந்து பார்த்தார். முதலாளி பார்த்தார். கிட்டங்கியிலிருந்து எட்டிப் பார்த்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அம்பாரத்தின் மேலே ஓலையோடு நின்றிருந்த இருளாயி அக்காவின் குரல்தான் முதலில் வந்தது.

"நான்தான் அப்பவே வயித்தக் கலக்குதுன்னு சொன்னேன்ல?"

முதலாளி பேனாவை மூடினார். அந்தச் சிறு 'டக்' சத்தம் போல ஒரு சத்தத்தை நான் அப்புறம் கேட்டதில்லை.

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். விழவில்லை. சந்தியாகு அண்ணன் வெறும் மணலில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கடைசியில் முதலாளியைப் பார்த்துப் பேசினார்.

"மொதலாளி, கூண்டு மரம் ஒண்ணு வேணும்னு எட்டு வருசமா மனுக் குடுக்குறோம். கலெக்டரு மாறி மாறிப் போறாக, மரம் வரல. இன்னைக்கு இது தெரிஞ்சதும் கெவருமெண்டு கண்ணத் தெறந்துருச்சுன்னு நெனச்சோம். மேகமே இல்லாத வானத்தப் பாத்தும் கூண்ட நம்பி வந்தோம். பொய்க் கூண்டுக்கே ஒரு வள்ளம் பாக்கியில்லாம கரையேறிருச்சுன்னா, நெசக் கூண்டு இருந்தா எங்கள்ல எத்தன பேரு இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாக? அந்த மரத்த மட்டும் எடுத்துராதீக."

முதலாளி பேனாவை மானேஜரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மானேஜரிடம் இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று, சமைத்ததை எல்லாருக்கும் போடச் சொன்னார். நூற்றைம்பது பேருக்கு ஆக்கிய கறிச்சோற்றை நானூறு பேர் வெட்ட வெயிலில் நின்றுகொண்டு சாப்பிட்டோம். (எனக்குக் குழம்பு மட்டும்தான் கிடைத்தது. வாளியில் என் சின்னம் தெளிவாக இருந்தது.) அறுத்துவிட்ட வலைகளுக்காக எங்கள் தோணி ஆட்களை அன்றைக்கே கடலுக்கு அனுப்பினார், ஏழில் ஐந்து அகப்பட்டன. அகப்படாத இரண்டுக்காக நான் அடுத்த மாதம் முழுக்க, மாலை வேளைகளில், குப்பத்தில் உட்கார்ந்து வலை பின்னினேன். முடிச்சு சரியாக விழவில்லை என்று சந்தியாகு அண்ணன் பிரித்துப் பிரித்துப் போட்டார்.

இரண்டாவது உத்தரவு, மரம் நிற்கட்டும். துறைமுக அதிகாரிகளிடம் எழுதிக் கேட்டு, முறைப்படி கூண்டும் நம்பர் விளக்கமும் வாங்குவது. சாயல்குடிக்குத் தந்தி வந்தால் ஏற்றுவது. யார் ஏற்றுவது என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

என் ஆர்டர் பதினான்கு மாதம் கழித்து வந்தது. 'குமாஸ்தா, கூண்டு ஏற்றும் பொறுப்புடன்' என்று அதில் போட்டிருந்தது. ஹையர் கிரேடு தேறியவன், மழையில் ஒன்பது மைல் சைக்கிள் மிதித்துத் தந்தியை வாங்கி வந்து, கயிறு இழுக்கிறேன். போகட்டும். அம்மா வந்துவிட்டாள். இரண்டு அறை. அவள் தண்ணீர் மொள்ளும் சத்தத்தை ஒரு நாளும் யாரும் குறை சொன்னதில்லை.

ஆனால் ஒன்று. இந்த ஆறு வருஷத்தில் நான் எத்தனையோ தரம் நிஜக் கூண்டு ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் வள்ளத்தை இழுப்பதற்கு முன்னால் சந்தியாகு அண்ணன் கரையில் நின்று, வாயில் கை குவித்து, காற்றில் கேட்பார்:

"தம்பீ! பொயலா, விழாவா?"

நான் "பொயலு! பொயலு!" என்று கத்திய பிறகுதான் குப்பம் நகரும்.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்த இடத்தில் எல்லாம் இதே கதையைக் கேட்டிருக்கிறார்கள். மாமனார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை கை வைக்கக் கூடாது.

இப்போது வீட்டில் என் நிலைமை என்ன என்றால், பென்சிலைச் சீவ ஆரம்பித்தால் போதும், என் மனைவி எழுந்து கொல்லைக்குப் போய், கொடியில் காயும் துணிகளை எடுத்து உள்ளே கொண்டுவந்து வைக்கிறாள். அம்மா அவள் பின்னாலேயே போய் வற்றலை அள்ளுகிறாள். இதை எழுதுவதற்காக இன்று காலை பென்சிலை எடுத்தபோதும் அதேதான் நடந்தது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "வெளிய பாரு. ஒரு துண்டு மேகம் இருக்கா?" என்றேன்.

ஈரத் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னைக்கும் இல்லையாம்ல?"